குடுவைச் செடிக்கு எந்தத் தொட்டி? - ஒரு சின்ன வரலாறு

பூச்சியைப் பிடித்துச் செரித்துக்கொள்ளும் குடுவைச் செடியின் படத்தைப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் பலரும் பார்த்திருப்பார்கள். அதை வீட்டில் வளர்க்க எந்தத் தொட்டி சரி? கேட்பதற்குச் சாதாரணக் கேள்விதான். ஆனால் இதற்கு விடை கிடைப்பதற்குள் எத்தனையோ செடிகள் செத்துப்போயின!

இந்தச் செடிக்கு நெப்பந்தஸ் என்று பெயர் வைத்தவர் லின்னேயஸ். வருடம் 1737. அவர் விவரித்தது இலங்கையில் வளரும் வகையை. கவலையை மறக்கச் செய்யும் மருந்து ஒன்றுக்கு ஹோமரின் ஒடிசி காவியத்தில் வரும் பெயர் அது.

பெயர் வைத்தாயிற்று. செடியை ஐரோப்பாவுக்குக் கொண்டு போவது எப்படி? மாதக்கணக்கில் கப்பல் பயணம். உப்புக்காற்று ஒரு பக்கம், நல்ல தண்ணீர்த் தட்டுப்பாடு இன்னொரு பக்கம். கப்பலில் ஏற்றிய செடிகளில் பெரும்பாலானவை வழியிலேயே செத்தன.

இதற்கு வழி கண்டவர் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு. 1829-ல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண் போட்ட பாட்டிலில் வைத்து மூடினார். பூச்சி வெளிவருவதைப் பார்ப்பதுதான் அவர் எண்ணம். ஆனால் மண்ணிலிருந்து ஒரு பெரணியும் புல்லும் முளைத்தன. லண்டன் புகையில் அவர் தோட்டத்தில் பிழைக்காத பெரணி, மூடிய பாட்டிலுக்குள் தண்ணீர் ஊற்றாமலேயே வருடக்கணக்கில் வாழ்ந்தது! 1833-ல் அதே முறையில் கண்ணாடிப் பெட்டிகள் செய்து சிட்னிக்குச் செடிகளை அனுப்பினார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. இதுதான் "வார்டு பெட்டி".

அடுத்த திருப்பம் வரியில் வந்தது. இங்கிலாந்தில் கண்ணாடிக்கு எடைக்கு ஏற்ப வரி இருந்தது. 1845-ல் அதை நீக்கியதும் கண்ணாடி மலிந்தது. செல்வந்தர் தோட்டங்களில் கண்ணாடி வீடுகள் பெருகின. வீட்ச் என்ற நாற்றங்கால் நிறுவனம் காடுகளுக்கு ஆள் அனுப்பிச் செடி சேகரித்து விற்றது. லண்டன் செல்சியில் இருந்த அவர்களுடைய நாற்றங்காலில் குடுவைச் செடிகளுக்கென்றே தனியாக ஒரு கண்ணாடி வீடு இருந்தது.

அந்தக் காலத் தோட்டக்காரர்கள் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். மண் நிரப்பிய தொட்டிக்குப் பதில், இடைவெளி விட்ட மரச்சட்டக் கூடையில் பாசியும் நார்க்கரியும் போட்டு வளர்த்தார்கள். தண்ணீர் வடிந்துவிடும், வேருக்குக் காற்று கிடைக்கும், குடுவைகள் கீழே தொங்க இடமும் இருக்கும்.

தவறு எங்கே நடந்தது? வெப்பமண்டலச் செடி என்றால் இரவு பகலாகச் சூடு வேண்டும் என்று நினைத்துக் கொதிகலனை எரித்ததில்தான். நெப்பந்தஸ் ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். போர்னியோவின் கினபாலு மலைப்பகுதியில், 1500 மீட்டருக்கு மேலே வளரும் மாபெரும் குடுவைச் செடி இது. வீட்ச் நிறுவனத்துக்காக பர்பிட்ஜ் என்பவர் 1878-ல் இதைச் சேகரித்தார். 1881-ல் லண்டன் கண்காட்சியில் வைத்தபோது பெரிய பரபரப்பு. ஆனால் மலைச்செடிக்கு இரவில் குளிர் வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் வீட்ச் நாற்றங்காலில் அந்தச் செடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1914-ல் செல்சி நாற்றங்காலையே மூடிவிட்டார்கள்.

இதற்கிடையே அறிவியல் ஒரு முக்கியமான உண்மையைச் சொல்லியிருந்தது. குடுவைக்குள் முட்டை வெள்ளைக்கரு, இறைச்சித் துண்டு போன்றவற்றைப் போட்டுச் சோதித்த ஜோசப் ஹூக்கர், அவை அங்கே செரிக்கின்றன என்று 1874-ல் பெல்ஃபாஸ்ட் கூட்டத்தில் விளக்கினார். அடுத்த வருடமே டார்வினின் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூல் வந்தது. சத்தில்லாத மண்ணில் வாழ்வதால்தான் இந்தச் செடி பூச்சியைப் பிடிக்கிறது. அப்படியானால் மண்ணிலும் தொட்டியிலும் சத்தோ உப்போ அதிகம் இருந்தால் அதன் வேருக்கு ஆகாது.

இன்று தொட்டியைத் தேர்வு செய்வதும் இந்த அடிப்படையில்தான். சுட்ட மண்தொட்டி அழகுதான். ஆனால் அதன் சுவர் தண்ணீரை உறிஞ்சும், தண்ணீரில் உள்ள உப்பு அங்கேயே படியும். சிமெண்ட் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசியும். நிறைய ஓட்டை போட்ட சாதாரண பிளாஸ்டிக் தொட்டியோ தொங்கும் கூடையோ போதும். ஊற்ற மழைத்தண்ணீர் சிறந்தது. மூடிய கண்ணாடிப் பெட்டி சின்ன நாற்றுக்கு உதவும். ஆனால் நேர் வெயிலில் வைத்தால் உள்ளே செடி வெந்துவிடும்!

இன்னொரு பாத்திரமும் இந்த வரலாற்றில் உண்டு. அது ஆய்வகத்துத் திசு வளர்ப்புக் குப்பி. ராஜா வகையின் சர்வதேச வணிகத்துக்கு 1981-லேயே கடும் கட்டுப்பாடு வந்தது. மேகாலயாவில் வளரும் காசியானா வகையும் பிறகு அதே பட்டியலில் சேர்ந்தது. இப்போது குப்பிக்குள் ஒரு சிறு துண்டிலிருந்து நூற்றுக்கணக்கான நாற்றுகளை உருவாக்க முடிகிறது. காட்டிலிருந்து பிடுங்கி வர வேண்டிய அவசியம் இல்லை.

வாங்க நினைப்பவர்கள் தொட்டியின் விலையைக் கேட்பதற்கு முன்னால், செடி எங்கிருந்து வந்தது என்று கேட்பது நல்லது. தொட்டி மலிவானதாக இருந்தாலும் பரவாயில்லை, செடி காட்டில் திருடியதாக இருக்கக்கூடாது.