தோற்ற வாதம் தந்த நாற்காலி

ஒலிம்பிக் கமிட்டித் தலைவராக 2013 முதல் 2025 வரை இருந்த தாமஸ் பாக், ஒரு வாள்வீச்சு வீரர் என்பது உங்களுக்குத் தெரியுமா? 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் மேற்கு ஜெர்மனி அணியுடன் ஃபாயில் பிரிவில் தங்கம் வென்றவர்.

சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அவர் நாடு புறக்கணித்தது. "போவோம்" என்று வீரர்கள் சார்பில் வாதாடினார், எடுபடவில்லை. நிர்வாகத்துக்கு வரத் தூண்டியது அந்தத் தோல்விதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1991இல் கமிட்டி உறுப்பினரானார்.

அவர் தலைமையில், கொரோனாவால் ஓராண்டு தள்ளி நடந்த டோக்கியோவில்தான் நம் சென்னை பவானி தேவி, ஒலிம்பிக் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார்.

சங்கத்தின் முடிவு பிடிக்கவில்லையா? அடுத்த பொதுக்குழுவுக்கு வாருங்கள், பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.