இசைச்செவி: பிறப்பின் கொடையா, இளமையின் பேறா?

பள்ளி விழாவுக்குப் பாடகர் குழுவைத் தேர்ந்தெடுக்கும் நாளில் யாரேனும் ஒரு பிள்ளையைப் பற்றி, "இவனுக்குச் சுருதி சேராது" என்ற தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. இரண்டு அடி பாடக் கேட்டு வழங்கப்படும் அத்தீர்ப்பு பல வேளைகளில் வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிடும். பின்னாளில் அப்பிள்ளையே, "எனக்கு இசைச்செவி கிடையாது" என்று சொல்லப் பழகிக்கொள்கிறது. இசைச்செவி பிறக்கும்போதே சிலருக்கு வாய்ப்பது, பிறர்க்கு வாய்க்காதது என்னும் கருத்தே இதற்கு அடிப்படை. இசையுளவியல் இக்கருத்தை ஒரு நூற்றாண்டாகச் சோதித்து வந்துள்ளது. அவ்வரலாற்றில் மொழிக்கும் ஓர் இடம் உண்டு. ஆதலின், மொழியியல் பயின்றவன் என்ற முறையில் அதனை இங்கு எடுத்துரைக்க விழைகிறேன்.

இத்துறைக்கு வித்திட்டவர்கள் ஜெர்மானிய அறிஞர்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட நூல், சுரங்களின் இணக்கத்தையும் இணக்கமின்மையையும் ஒலியலைகளின் இயல்பையும் செவியின் அமைப்பையும் கொண்டு விளக்க முயன்றது. கார்ல் ஸ்டும்ஃப் 1883-இலும் 1890-இலும் வெளியிட்ட இரு தொகுதிகள், செவியோடு நில்லாமல் கேட்பவரின் மனத்தையும் ஆராய்ந்தன. ஆயினும், மனிதர்க்கு மனிதர் இசைத்திறன் வேறுபடுவது ஏன் என்ற வினாவை அளவுகோல் கொண்டு அணுகியவர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் சீஷோர் ஆவார்.

சீஷோர் 1919-இல் இசைத்திறன் சோதனைத் தொகுப்பொன்றை இசைத்தட்டுகளில் வெளியிட்டார். மாணவர் இரண்டு ஒலிகளை அடுத்தடுத்துக் கேட்பர். இரண்டாவது ஒலி உயர்ந்ததா தாழ்ந்ததா என்று எழுதுவர். ஒலிகளுக்கிடையிலான வேறுபாடு படிப்படியாகக் குறைந்து நுண்ணியதாகும். ஒலியின் வலிமை, கால அளவு, சுரநினைவு முதலியவற்றுக்கும் இவ்வாறே தனித்தனிச் சோதனைகள் இருந்தன. இவை அளப்பது பிறவித் திறனை. பயிற்சியால் அது பெரிதும் மாறாது என்பது சீஷோரின் உறுதியான கொள்கை. திறனுள்ள பிள்ளையை இளமையிலேயே கண்டறிந்து ஊக்குவிக்கலாம் என்பது அவர் கண்ட பயன்.

கொள்கை விரைவில் நடைமுறையாயிற்று. ரோச்செஸ்டர் நகரில் 1921-இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில், சீஷோரின் மாணவியான ஹேசல் ஸ்டாண்டன் இச்சோதனைகளைப் பல்லாண்டு நடத்தினார். அறிவுத்திறன் சோதனையும் உடன் சேர்க்கப்பட்டது. மாணவர் ஐவகையாகப் பிரிக்கப்பட்டனர். முதல் வகையினர் ஐயமின்றித் தேறுவோர்; கடைசி வகையினரோ இசைக்கல்வியைத் தொடர வேண்டா என்று அறிவுறுத்தத் தக்கோர். ஒரு சோதனையின் மதிப்பெண் ஓர் இளைஞரின் வாழ்க்கைத் தொழிலையே முடிவு செய்யும் நிலை உருவாயிற்று.

இதனை வன்மையாக மறுத்தவர் ஜேம்ஸ் மர்செல். தனித்தனி ஒலிகளைப் பிரித்தறிவது வேறு, இசையை உணர்வது வேறு என்றார் அவர். இசை என்பது ஒலிகளுக்கிடையிலான உறவு. ஒருவரின் இசைத்திறனை அறிய வேண்டுமாயின், அவர் இசையோடு ஈடுபடும் முறையையே காண வேண்டும் என்பது அவர் வாதம். 1930-களில் நிகழ்ந்த இவ்வாதம் அன்று முடிவு பெறவில்லை. பிறவியா பயிற்சியா என்பதைத் தீர்ப்பதற்கு வேறொரு வகைச் சான்று தேவைப்பட்டது. அது மொழியின் பக்கமிருந்து வந்தது.

அச்சான்றை விளங்கிக்கொள்ள இருவகைச் சுருதியுணர்வை வேறுபடுத்தியறிதல் வேண்டும். ஒரு சுரத்தைக் கேட்டபின் அதனை அடிப்படையாகக் கொண்டு மற்றொன்றின் இடத்தை அறிவது சார்புச் சுருதியுணர்வு. நம் இசை முழுவதும் இதன்மேல் அமைந்தது. ஒரு கட்டைச் சுருதியில் பாடினாலும் ஐந்து கட்டைச் சுருதியில் பாடினாலும் மோகனம் மோகனமே. துணைச்சுரம் எதுவும் கேட்காமலே ஓர் ஒலியின் பெயரைச் சொல்வது தனிச் சுருதியுணர்வு. மேலைநாடுகளில் இது பத்தாயிரம் பேரில் ஒருவர்க்கே உண்டு என்பர். மேதைமையின் அடையாளமாகவும் தெய்வம் தந்த வரமாகவும் இது போற்றப்பட்டது. பிறவித் திறன் என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால், இதனையே எவரும் சுட்டியிருப்பர்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பணியாற்றிய டயானா டாய்ச் இவ்வரத்தின் மீது ஐயம் எழுப்பினார். சிவப்பு நிறத்தைப் பெயரிட்டுச் சொல்ல நமக்கு வேறொரு நிறத்தின் துணை வேண்டியதில்லை. அவ்வாறிருக்க, ஒலிக்கு மட்டும் இத்திறன் ஏன் இவ்வளவு அரிதாக வேண்டும்? விடையை அவர் தொனிமொழிகளில் தேடினார். சிங்கப்பூர், மலேசிய மாணவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மாண்டரின் மொழியில் 'மா' என்னும் ஒரே அசை, குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்பத் தாய் எனவும் சணல் எனவும் குதிரை எனவும் திட்டுதல் எனவும் பொருள்படும். தமிழில் குரலின் ஏற்ற இறக்கம் வினாவையோ வியப்பையோ காட்டலாம். ஒரு சொல்லை வேறொரு சொல்லாக மாற்றுவதில்லை.

வியட்நாமியரும் மாண்டரின் பேசுவோரும் ஒரே சொற்பட்டியலை வெவ்வேறு நாள்களில் வாசித்தபோது, அவர்தம் குரலின் சுருதி பெரிதும் மாறாதிருந்ததை டாய்ச் குழுவினர் 1999-இல் அமெரிக்க ஒலியியல் கழகக் கூட்டத்தில் அறிவித்தனர். பலரிடம் வேறுபாடு அரைச்சுர அளவைக்கூட எட்டவில்லை. நிலையான சுருதி அவர்களின் பேச்சிலேயே பதிந்திருந்தது.

அடுத்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. பெய்ஜிங் மத்திய இசைக் கல்லூரியின் 88 மாணவர்களும் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியின் 115 மாணவர்களும் அதில் ஒப்பிடப்பட்டனர். முன்னவர் மாண்டரின் பேசுவோர். பின்னவருள் தொனிமொழி பேசுவோர் இல்லை. ஒலிக்கப்பட்ட 36 சுரங்களில் 85 விழுக்காட்டையேனும் சரியாகப் பெயரிட்டோர் தனிச் சுருதியுணர்வு உடையோராகக் கொள்ளப்பட்டனர். 4, 5 வயதில் இசை பயிலத் தொடங்கியவர்களுள் பெய்ஜிங்கில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரும் ஈஸ்ட்மனில் 14 விழுக்காட்டினரும் தேறினர். 8, 9 வயதில் தொடங்கியவர்களுள் பெய்ஜிங்கில் 42 விழுக்காட்டினர் தேற, ஈஸ்ட்மனில் எவரும் தேறவில்லை. பிறவித் திறனை அளப்பதாக நம்பி மாணவரை ஐவகையாகப் பிரித்த அதே பள்ளியிலிருந்து, மொழியும் தொடங்கிய வயதும் எவ்வளவு முதன்மையானவை என்பதற்கான சான்று கிடைத்தது.

இவ்வேறுபாடு இனவழி வந்ததாகலாமே என்று கேட்பது முறையே. ஆசிய மாணவரிடையே இத்திறன் மிகுதி என்பதை 1999-இல் கிரெகர்சன் குழுவினர் மரபணு நோக்கில் ஆராய்ந்திருந்தனர். இவ்வினாவுக்கு டாய்ச் குழுவினரின் 2009-ஆம் ஆண்டு ஆய்வு விடை தேடிற்று. கிழக்காசிய வழிவந்தோராயினும் தொனிமொழியைச் சரளமாகப் பேசாத மாணவர்கள், தொனிமொழி அறியாத வெள்ளையரைப் போலவே சோதனையில் விளங்கினர். சரளமாகப் பேசியவர்களே முந்தினர். மொழியாற்றல் மிக மிகத் திறனும் மிகுந்தது.

இதனால் மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று முடிவு செய்தல் ஆகாது. மொழி ஒன்றே காரணம் எனலும் ஆகாது. மாண்டரினைப் போன்ற தொனிமொழி அல்லாத ஜப்பானியத்தைப் பேசும் இசை மாணவரிடையேயும் இத்திறன் மிகுதியாகக் காணப்படுகிறது. அங்கு மிக இளமையிலேயே பயிற்சி தொடங்குவதை ஆய்வாளர் காரணமாகச் சுட்டுவர். எனினும் ஒன்று தெளிவு. மொழி கற்றலுக்கு ஓர் உகந்த பருவம் உண்டு என்று 1967-இல் லென்னபர்க் வாதிட்டார். செவி சுருதியைப் பற்றிக்கொள்வதற்கும் அத்தகைய பருவம் உண்டு. வரம் என்று கருதப்பட்டதன் பெரும்பகுதி, பிள்ளை தன் இளமையில் எதைக் கேட்டு வளர்ந்தது என்பதன் விளைவே.

சுருதி வேறுபாட்டைப் பிறவியிலேயே உணர இயலாதோரும் உண்மையில் உள்ளனர். மான்ட்ரியாலில் இந்நிலையை ஆராய்ந்துவரும் இசபெல் பெரெட்ஸ், 2017-இல் வெளியிட்ட விரிவான ஆய்வில் அவர்களை ஏறத்தாழ 1.5 விழுக்காட்டினர் என மதிப்பிட்டார். 40 பேர் கொண்ட ஒரு வகுப்பில் சராசரியாக ஒருவர்கூட அத்தகையோராக இருப்பதில்லை. நம் பள்ளிகளில் "சுருதி சேராது" என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளோ இதனினும் பலர்.

அப்பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்குக் குறையாக இருப்பது கேள்விப் பயிற்சியே. அவர்களுக்குத் தேவைப்படும் சார்புச் சுருதியுணர்வு, வயது வந்தோரும் பயிற்சியால் வளர்த்துக்கொள்ளக் கூடியது. தம்புராவின் ஒலியில் அமர்ந்து சரளி வரிசையை நாள்தோறும் பாடவைத்த நம் ஆசான்கள் நடைமுறையில் அறிந்திருந்ததும் இதுவே. ஆசிரியப் பெருமக்கள் பாடகர் குழுவைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த முறை, சுருதி பிசகும் பிள்ளையை உடனே வெளியே அனுப்பிவிடாமல், சில திங்களேனும் பின்வரிசையில் இருந்து கேட்கவும் உடன் பாடவும் இடமளிப்பார்களாக. தீர்ப்பு கூறுவதாயின், அதன் பின்னர்க் கூறலாம்.