தலைக்கணக்கும் படைக்கணக்கும்

சென்ற விடுமுறையில் நான் தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது, என் தம்பி லயத்து வாசற்படியில் அமர்ந்து, கைத்தொலைபேசியில் போர் விளையாட்டொன்றில் மூழ்கியிருந்தான். கோட்டையும் குதிரையும் வேலும் வில்லும் கொண்ட பழங்காலப் போர் அது. அவனிடம் வீரர் நூற்றுவர், எதிரியிடம் முந்நூற்றுவர். மும்முறை மோதினான்; மும்முறையும் தோற்றான். “அண்ணே, ஆள் கொறஞ்சா ஜெயிக்கவே முடியாதா?” என்று கேட்டான்.

சிறுவன் விளையாட்டாகக் கேட்ட வினாதான். ஆயினும் அன்றிரவு அது என்னை உறங்கவிடவில்லை. கேகாலையிலும் இரத்தினபுரியிலும், இறப்பர் மரங்களுக்கும் தேயிலைச் செடிகளுக்கும் இடையே, சிறு சிறு கூட்டங்களாய்ச் சிதறி வாழும் நமக்கு இது வெறும் விளையாட்டு வினாவா? எண்ணிக்கையிற் குறைந்தோர் வெல்வதெப்படி என்பதற்கு நாம் வாழும் இம்மலைகளே விடை கூறுகின்றன. அவ்விடையைச் சற்று ஆராய்வோம்.

கேகாலையிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் செல்வோர் கடுகண்ணாவை ஏற்றத்தை அறிவர். இன்று ஒரு மணி நேரத்தில் கடக்கும் அம்மலைத்தொடர், நானூறு ஆண்டுகளுக்கு முன் கண்டி இராச்சியத்தின் மதிலாக விளங்கிற்று. அம்மலைமேல், பலன என்னுமிடத்திற் காவற்கோட்டை நின்றது. காட்டுவழிகளோ ஒருவர் பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒற்றையடிப் பாதைகள். அவ்வழிகளில் முட்கதவுகள் கட்டிக் காவல் வைத்திருந்தனர் என்பதை, 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் கைதியாக வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளார்.

1594ஆம் ஆண்டு இம்மலைகளை நோக்கிப் போர்த்துக்கேயரின் பெரும்படையொன்று புறப்பட்டது. பெத்ரோ லோப்பஸ் டி சூசா என்பவன் அதன் தளபதி. போர்த்துக்கேய வீரரும், அவரினும் பன்மடங்கான லஸ்கரின்களும் அதில் இருந்தனர். லஸ்கரின்கள் என்போர் போர்த்துக்கேயர்க்குப் படைத்தொழில் புரிந்த இந்நாட்டு மக்கள். மெனிக்கடவர வழியாக வந்து, பலனவைக் கடந்து, கண்டியையும் அப்படை கைப்பற்றியது. அரச குலத்து இளவரசி தோனா கதரினாவை அரியணையில் ஏற்றியது. அப்பொழுதுதான் ஆட்சியைக் கைக்கொண்டிருந்த விமலதர்மசூரியன் நேர்நின்று தடுக்க இயலாது காட்டினுட் புகுந்தான். போர் முடிந்தது என்றே யாரும் எண்ணியிருப்பர்.

ஆனால் போர் அன்றுதான் தொடங்கிற்று. தலைநகரில் இருந்த படைக்கு உணவு வேண்டும். உணவு தேடிச் சென்ற சிறு கூட்டங்களைக் காட்டில் மறைந்திருந்தோர் தாக்கினர். நாள்தோறும் படை இளைத்தது. அடுத்து, லஸ்கரின்களின் தலைவன் ஜயவீர பண்டாரன் மீது போர்த்துக்கேயர்க்கு ஐயம் எழும்படி விமலதர்மசூரியன் ஒரு கடிதத்தால் சூழ்ச்சி செய்தான். அதனை நம்பிய போர்த்துக்கேயர் தம் பக்கத்துத் தலைவனைத் தாமே கொன்றனர். பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமோ? லஸ்கரின்கள் கூட்டங்கூட்டமாய் விலகினர். பெரும்படை சிறுபடையாயிற்று. பின்வாங்க முயன்ற எஞ்சியோரை அவ்வாண்டு ஒக்டோபரில் தந்துறை என்னுமிடத்தில் கண்டிப் படை சூழ்ந்து அழித்தது. தளபதியும் படுகாயமுற்று இறந்தான்.

ஒருமுறை நிகழ்ந்தால் அதனைத் தற்செயல் எனலாம். ஆனால் 1603இல் தொம் ஜெரோனிமோ டி அசவேது பலனவைப் பிடித்தபோதும் லஸ்கரின்கள் கிளர்ந்தெழ, அவன் வந்த வழியே திரும்ப நேர்ந்தது. 1630இல் கொன்ஸ்தந்தீனு டி சா பதுளையை எரித்துத் திரும்பும் வழியில், ரந்தெனிவெலவில் அவனுடைய முதலிமார் தம் வீரருடன் கண்டிப் பக்கம் சேர்ந்தனர். பெருமழையால் துப்பாக்கிகளும் பயனற்றுப் போயின. அவனும் அவன் படையும் அங்கேயே மடிந்தனர். 1638 மார்ச் 28ஆம் நாள் கன்னொறுவையில் நடந்ததும் அதுவே. தியோகு டி மெலோ கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறுமையாய்க் கிடந்தது. அதற்குத் தீயிட்டுத் திரும்பியவனை இரண்டாம் இராசசிங்கனின் படை வழிமறித்துச் சூழ்ந்தது. அங்கும் லஸ்கரின்கள் விலகினர். உயிர் தப்பிய போர்த்துக்கேயர் 33 பேரே என்பர். இன்று பேராதனைப் பூங்காவை வளைத்தோடும் மகாவலியின் மறுகரையில் அமைதியாய்க் கிடக்கும் அக்கன்னொறுவையைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்நினைவு எழும்.

இவற்றால் நாம் அறிவது யாது? சிறுபடை பெரும்படையை வென்றதன்று. சிறுபடை பெரும்படையை முதலிற் சிறிதாக்கிற்று, பின்னரே வென்றது. அதற்கு மூன்று வழிகள் இருந்தன. முதலாவது இடம். ஒற்றையடிப் பாதையில் ஆயிரவர் வந்தாலும் முன்னே நிற்பவர் இருவரோ மூவரோதான், ஏனையோர் பார்வையாளரே. 1415இல் பிரான்சு நாட்டின் அஜின்கோர்ட் களத்திலும், இருபுறமும் காடு நெருக்கிய சேற்று நிலத்தில், பெரும் பிரெஞ்சுப் படை சிறிய ஆங்கிலப் படையிடம் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது காலம். ஆள் பெருகினால் பசியும் பெருகும். காத்திருக்கக் கற்றவனுக்குப் பகைவனின் பசியே படைத்துணை. மூன்றாவது மனம். எண்ணிக்கையில் இருப்போர் எல்லாரும் உள்ளத்தாலும் அப்படையில் இருக்கின்றனரா என்பதே அது.

வள்ளுவர் வலியறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதன்பின் காலமறிதலுக்கும் இடனறிதலுக்கும் ஒவ்வோர் அதிகாரம் வகுத்தது எத்துணைப் பொருத்தம்!

மூன்றாவது வழியைப் புரிந்துகொள்ள நாம் வரலாற்று நூலைத் தேட வேண்டியதில்லை. காலையிற் பிரட்டுக் களத்திற்குச் சென்றாற் போதும். அங்கே ஆட்களை எண்ணிப் பேர் பதிவர். ஆனால் பிரட்டில் எண்ணிய தலைகளைக் கொண்டு மாலையில் எத்தனை இறாத்தல் கொழுந்து வரும் என்று எவரும் சொல்லிவிட முடியாது. அதனைத் தராசுதான் சொல்லும். போர்த்துக்கேயர் பிரட்டிற் பேரை எண்ணினர். விமலதர்மசூரியன் தராசைப் பார்த்தான். தம் சொந்த மண்ணின்மேல் ஏவப்பட்ட லஸ்கரின்களின் மனம் எங்கே இருக்கும் என்பதை அவன் அறிந்திருந்தான்.

நான் கற்ற மிஷன் பாடசாலையில் கிதியோன் என்னும் தலைவனின் கதையைச் சொல்லித் தந்தனர். அவனிடம் திரண்ட முப்பத்தீராயிரவரில் அச்சமுற்ற இருபத்தீராயிரவர் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். இறுதியில் முந்நூற்றுவரே எஞ்சினர். அவர்கள் இரவிலே எக்காளம் ஊதிப் பானைகளை உடைத்துத் தீவட்டி காட்ட, மீதியானியர் திகைத்துத் தம்மையே வெட்டிக்கொண்டனர். வீட்டிலே பாட்டி சொன்ன பாரதத்திலும் கௌரவர்க்குப் பதினோர் அக்குரோணி, பாண்டவர்க்கு ஏழே. ஆயினும் வீட்டுமரும் துரோணரும் உடலாற் கௌரவர் பக்கம் நின்றனரே அன்றி, அவர் உள்ளம் எங்கே நின்றது என்பதை நாம் அறிவோம். மொழியும் சமயமும் வேறு. கதை கூறும் உண்மை ஒன்றே.

இவ்வுண்மை எவர்க்கும் சலுகை காட்டாது. பிறர் படை பிளவுண்டதால் வென்ற கண்டி, தன் வீடு பிளவுண்டபோது வீழ்ந்தது. 1803இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர் நோயாலும் முற்றுகையாலும் தம் காவற்படையை அங்கே இழந்தனர். பன்னிரண்டே ஆண்டுகளில் அதே கண்டியைப் பெரும் போரின்றிப் பெற்றனர். எவ்வாறு? 1814இல் அரசனுக்கு எதிராக எழுந்த எகலப்பொல வேறெங்கோ இருந்தவனல்லன். நம் சபரகமுவவின் திசாவையாக இருந்தவன். அரசன் அவன் குடும்பத்தைக் கொடுமையாய்க் கொன்றான். தலைவர் பலரின் மனம் அரசனை விட்டகன்றது. 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மலையும் காடும் முட்கதவும் அப்படியே இருந்தன. காத்து நின்ற மனங்கள் மட்டும் இல்லை.

இளைஞர்களே! இக்கதைகளை நான் எழுதுவது எவரையும் பகைவராகக் காட்டுவதற்கன்று. நம் அயலூரார் நம்மோடு ஒரே சந்தையிற் காய்கறி வாங்குவோர். ஒரே பஸ்ஸில் நசுங்கி நிற்போர். ஆனால் எண்ணிக்கை என்னும் சொல் நம் சமூகத்தைப் பட்டபாடு படுத்தியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நம் முன்னோர் நாட்டின் கணக்கிலிருந்தே நீக்கப்பட்டனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று மக்கள் தலைகளாகப் பங்கிடப்பட்டனர். நாடற்றிருந்தோரில் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே “நாம் சிலரே, நம்மால் என்ன ஆகும்?” என்ற சொல் நம் லயங்களிற் பரம்பரைச் சொத்தாகிவிட்டது.

அச்சொல்லைத்தான் நான் மறுக்கிறேன். நாம் சிலர் என்பது மெய். நம்மால் ஆகாது என்பது மெய்யன்று. நமக்கேற்ற இடத்தைத் தேர்ந்து, காலத்திற்குக் காத்து, உள்ளம் ஒன்றி நிற்போமாயின் சிலர் போதும். நமக்கேற்ற களம் பரீட்சை மண்டபமும் நூலகமும் ஆகும். அங்கே ஒவ்வொருவனும் தனியாகவே போரிடுகின்றான். கூட்டத்தின் பலம் அங்கே செல்லாது. நம் சங்கத்தின் பெயர்ப் பட்டியல் நீளமானதுதான். மாலை வகுப்பிற்கு வந்து சிறுவர்க்குக் கணிதம் சொல்லித் தருவோர் எத்தனை பேர்? பட்டியல் பிரட்டு, வகுப்பே தராசு.

மறுநாட் காலை தம்பியை அழைத்து, “வெட்டவெளிக்குப் போகாதே, பாலத்தடியில் நில், அவர்கள் களைத்து வரட்டும்” என்றேன். அப்படியே செய்தான். அம்முறையும் தோற்றான். ஆனால் முந்நூற்றுவரில் எதிரியிடம் மிஞ்சியவர் நாற்பதின்மரே. அவன் முகத்திலே சோர்வு இல்லை. “இன்னொரு தடவ பாக்குறேன் அண்ணே” என்று மீண்டும் அமர்ந்தான்.