மூசி நதியும் ஏட்டுச் செல்வமும்

ஐதராபாத் மாநகரில் குடியேறி வாழும் நாம், இதன் பழைய முகத்தை அறிய விழைந்தால் மூசி நதியிலிருந்தே தொடங்குதல் வேண்டும். 1908 செப்டம்பர் 28-ஆம் நாள் அந்நதி பெருகிப் பல்லாயிரவரை விழுங்கிற்று. இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துப் புளியமரம், தன்மேல் ஏறிய நூற்றைம்பதின்மரைக் காத்தது என்பர். விசுவேசுவரய்யாவின் யோசனையால் உஸ்மான் சாகரும் (1920), இமாயத் சாகரும் (1927) எழுந்தன.

1912-இல் லெனார்டு மன் என்பார் தலைமையில் நகரை அளக்கும் பணி தொடங்கிற்று. அவர் வரைவித்த படங்கள் இன்று கணினியிலேயே காணக் கிடைக்கின்றன. மறைந்துபோன நீர்நிலைகளைத் தேடுவோர்க்கு இவற்றினும் நல்ல சான்று வேறில்லை என்பது எம் கருத்து.

ஆனால் தாளுக்கு நீரே பகை. 2000 ஆகஸ்டுப் பெருமழையில், பாக்லிங்கம்பள்ளிச் சுந்தரய்யா விஞ்ஞான கேந்திர நூலகத்துள் வெள்ளம் புகுந்தது. அப்துல் சமத் கான் என்னும் தனியொருவர் அரும்பாடுபட்டுத் திரட்டிய உருது நூல்களும் இதழ்களும் நனைந்து நைந்தன. நம் கோட்டையூர் ரோஜா முத்தையாவை ஒத்த பெருமகனார் அவர்! கணினியில் படியெடுத்து வைத்த ஏட்டை எவ்வெள்ளமும் எளிதில் கொள்ளாது.

செகந்தராபாத்திலும் இங்கும் நம்மவர் இல்லப் பரண்களில் பழைய ஆண்டுமலர்கள், நாடக அழைப்புகள், ஏரிக்கரை நிழற்படங்கள் எத்தனை உறங்குகின்றனவோ! அன்பர்கள் அவற்றைச் சங்கத்தில் காட்டிப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தைத் திரும்பப் பெற்றுச் செல்லலாமே.