மலையும் மணியும் – 9: பந்தியில் உட்காராதவர்கள்

1847. கொடைக்கானலில் அமெரிக்க மதுரை மிஷனின் இரண்டு பங்களாக்கள். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து மலையேறியவர்கள் 1845-ல் கட்டத் தொடங்கிய அந்த வீடுகளில்தான் சென்ற வாரம் நாம் நின்றோம். இப்போது மலையை விட்டு இறங்க வேண்டும். இடி கீழே விழுந்தது.

அந்த ஆண்டு மிஷன் ஒரு முடிவெடுத்தது. திருவிருந்து பெறுகிறவர் சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. பிற சாதியாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். மறுத்தவர்கள் சபையிலிருந்து விலக்கப்பட்டார்கள். நேற்றுவரை ஊர் ஊராகப் போய் வேதம் சொன்ன உபதேசியார்களும் அவர்களில் இருந்தார்கள்!

முன்பு சாதி வாரியாகத் தனித்தனியே உட்கார வைத்ததும் சபைதான். அதைப் பல போதகர்கள் ஊர் வழக்கம் என்று பொறுத்துப் போனார்கள். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் அந்தப் பொறுமைக்கு முற்றுப்புள்ளி வைத்தார். கோயிலுக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூரில் சண்டை அதற்கும் முந்தியது. அங்கே எதிர்த்து நின்றவர் சாமானியர் அல்லர்: மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை, ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயகம் சாஸ்திரியார்.

சாஸ்திரியாரின் குற்றச்சாட்டுகள் நான்கு. வேதப்புத்தக மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள். சாதிகளைக் கலக்கச் சொல்கிறார்கள். கலியாணத்திலும் பண்டிகையிலும் பூவைத் தடுக்கிறார்கள். கோயிலில் தமிழ்க் கீர்த்தனை பாட விடுவதில்லை.

நான்கையும் ஒரே மூச்சில் அவர் சொன்னார். போதகர்களும் ஒரே மூச்சில் மறுத்தார்கள். அங்கேதான் இரு தரப்பும் தவறின என்பேன். சாதி விஷயத்தில் சாஸ்திரியார் பக்கம் துளியும் நியாயமில்லை. ஒரே அப்பத்தில் பங்கு கொள்கிறவர்கள் ஒரே பந்தியில் உட்கார மறுத்தால் அந்தத் திருவிருந்துக்கு என்ன பொருள்? ஆனால் பூவும் பாட்டும் யாரைத் தாழ்த்தின? ஜெர்மானிய மெட்டில் தமிழ்ச் சொற்களை நெருக்கி அடைத்த ஞானப்பாட்டுகளைப் பாடித் தவித்த ஜனங்களுக்குச் சொந்த ராகத்தை மறுத்தது அநியாயம். மனிதனை மிதிக்கும் வழக்கத்தையும் மனிதனை மகிழ்விக்கும் வழக்கத்தையும் பிரித்துப் பார்க்கச் சபைக்கு இன்னும் கண் திறக்கவில்லை.

கண் திறந்தது எதிர்பாராத இடத்தில். பந்தியில் உட்கார மறுத்தவர்களை வெளியேற்றிய அதே மதுரை மிஷனில் எட்வர்ட் வெப் என்றொரு போதகர் இருந்தார். அவருக்குக் கீர்த்தனைகள் வேண்டியிருந்தன. அவை இருந்ததோ, சாதிக்காக வாதாடிய அதே சாஸ்திரியாரிடம்!

1853-ல் கீர்த்தனைப் புத்தகம் அச்சேறியது. அதில் சாஸ்திரியாரின் பாடல்களும் இருந்தன. மிஷன் தன் சாதி விதியைத் தளர்த்தியதா? சாஸ்திரியார் மனம் மாறினாரா?

அடுத்த வாரம் தஞ்சாவூருக்கு வாருங்கள்.

(தொடரும்)