கொல்லிமலையின் மண்ணும் விதையும்



ஆடிப் பெருக்கு வந்துவிட்டால் சேலம், இராசிபுரம், நாமக்கல் பக்கமிருந்து வண்டிகள் கொல்லிமலைக்கு ஏறத் தொடங்கிவிடும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே செம்மேடு என்னும் சிற்றூர். அங்கே வல்வில் ஓரியின் சிலை, ஆடி மாதத்தில் அவன் பெயரால் அரசு எடுக்கும் விழா. பிறகு அறப்பளீசுவரர் கோயில், ஆயிரம் படிக்கு மேல் இறங்கிக் காணும் ஆகாய கங்கை அருவி. மாலையில் ஒரு பலாப்பழமும் கொஞ்சம் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம்.

இவையெல்லாம் பார்க்க வேண்டியவைதாம். ஆனால் அந்த மலையின் உண்மையான சொத்து வேறொன்று. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

சங்கப் புலவர்கள் பாடிய கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஓரி. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியவன் என்று புகழப்பட்டவன். அவனுடைய முடிவையும் இலக்கியம் சொல்கிறது. மலையமான் திருமுடிக்காரி அவனைப் போரில் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஆக, அந்த மலையின் வளத்தின்மீது வெளியாரின் கண் விழுந்தது இன்று நேற்றல்ல.

அங்கே வாழும் பழங்குடி மக்களை மலையாளிகள் என்கிறோம். கேரளத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள் என்பதே பொருள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகிய மூன்று மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு. வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தேவானூர் நாடு, வளப்பூர் நாடு என்று இன்றும் ஊர்களை நாடுகளாகவே வழங்குகிறார்கள்.

தண்ணீர் நிற்கும் பள்ளங்களில் படிக்கட்டு போல வயல் கட்டி நெல் வைத்தார்கள். சரிவான மேட்டு நிலத்தில் சாமை, தினை, கேழ்வரகு. சாமையிலேயே மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை என்று பல வகை. ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று மெலிந்த மண்ணிலும் நிற்கும். மழை பொய்த்தால் ஒரு வகை கைவிடும், இன்னொன்று காப்பாற்றும். தானியத்தை மூங்கிலால் பின்னி மண் பூசிய தொம்பையில் சேமித்தார்கள். எந்த விதையை எடுத்து வைப்பது என்று பார்த்து வைப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்.

இந்த மலையில் சென்ற நூற்றாண்டில் ஆங்கிலேயத் தம்பதியர் இருவர் வந்து தங்கினார்கள். ஜெசி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு. அவர்கள் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர், பாப்டிஸ்டு சபையினர். சாலையே இல்லாத காலத்தில் வாழவந்தியில் வீடு கட்டி மருத்துவம் பார்த்தார்கள், பள்ளி நடத்தினார்கள். அப்போது நரம்புச் சிலந்தி நோய் மக்களை வாட்டியது. நோய்ப்பட்ட காலோடு கிணற்றுத் தண்ணீரில் இறங்கினால் புழு தண்ணீரில் கலக்கும், குடித்தவருக்கு ஓராண்டு கழித்துக் காலில் வெளிவரும். ஜெசி புழுவை எடுத்ததோடு நிற்கவில்லை. கிணற்றைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பவும் மக்களைத் தூண்டினார். 1929-இல் காய்ச்சலில் அந்த மலையிலேயே இறந்தார். ஈவ்லின் முதிய வயதில் மீண்டும் மலைக்கே திரும்பி உழைத்து, 1974-இல் தம் 95-ஆம் வயதில் மறைந்தார்.

அவர்கள் மகன் பால் பிராண்டு, 1914-இல் பிறந்தவர். பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திப் புகழ் பெற்றவர். அவர் தம் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். நண்பர்களோடு நெல் வயலில் தவளை பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார். வயல் கலங்கியது. அவ்வழியே வந்த தாத்தா ஒருவர் கை நிறையச் சேற்றை அள்ளிக் காட்டி, இந்த ஒரு பிடி மண் ஒருவருக்கு ஒரு வேளைச் சோறு தரும், ஆண்டுக்கு ஆண்டு தந்துகொண்டே இருக்கும் என்று எடுத்துச் சொன்னாராம். வாய்க்காலில் கலங்கி ஓடும் நீரைக் காட்டி, கீழே போன மண் மறுபடி மலையேறி வராது என்றும் சொன்னாராம்.

அன்பர்களே, அந்தத் தாத்தா சொன்ன 'கீழே' என்பது நாம் வாழும் சமவெளி. மலையில் பிறக்கும் கரைபோட்டானாறும் ஐயாறும் நம் ஊர்கள் வழியாகத்தான் காவிரிக்குப் போகின்றன. மலையிலிருந்து மண் மட்டுமா இறங்கியது? இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூரிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். சிறு தொழிலாகத் தொடங்கியது சேலம், நாமக்கல் எங்கும் சேகோ ஆலைகளாகப் பெருகியது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் பதிவாயிற்று. எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. நம் பங்கிலும் அந்தக் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு.

சாலை வந்ததும் மலையின் மேட்டு நிலமும் குச்சிக்கிழங்குக் காடாக மாறத் தொடங்கியது. கிழங்குக்கு ரொக்கம் கிடைக்கும். சாமைக்கு அப்படியில்லை. அதோடு சாமையை உரலில் குத்தி உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. ரேஷன் அரிசியும் கிடைத்த பிறகு எந்தத் தாய் அதைத் தொடர்வாள்? அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் சரிவில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் நெகிழும், அடுத்த மழையில் இறங்கிவிடும். விதைக்காத விதையோ சில ஆண்டுகளில் முளைப்பை இழக்கும். அந்த வகையே போய்விடும்.

1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே விவசாயிகளோடு உழைத்தது. ஊர்களில் விதை வங்கிகளும், சாமையின் உமி நீக்கும் சிறு இயந்திரங்களும் வந்தன. உரல் வேலை குறைந்த இடத்தில், மகளிர் குழுக்கள் சாமையையும் தினையையும் பொட்டலமிட்டு விற்கத் தொடங்கின. பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள் என்று மலை மக்களுக்கு அறிவுரை சொல்வதைவிட, அந்தப் பெண்களின் சுமையை இறக்கியதுதான் பயன் தந்தது. நரம்புச் சிலந்திக்குக் கிணற்றுச் சுவர் எழுப்பியதும் இதே வழிதான்.

விதைப்பவர் உவமையை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். நல்ல நிலம், நல்ல விதை என்று ஆண்டவர் சொன்னபோது கேட்டவர்கள் உழவர்கள். இன்று நம்மில் பலர் வாங்கி உண்பவர்கள். ஆகவே நம் பங்கு, நாம் வாங்குவதில் இருக்கிறது. அடுத்த முறை மலைக்குப் போகும்போது பலாப்பழத்தோடு இரண்டு கிலோ சாமையும் வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள். அது எந்தச் சாமை என்று விற்கும் அம்மாவிடம் பெயரைக் கேளுங்கள். வரும் பங்கு விழா விருந்தில் ஒரு பானை சாமைப் பொங்கல் வைக்க அன்பியங்கள் முன்வந்தால், அதற்கான தானியத்தை மலை மகளிரிடமிருந்தே வாங்கலாம். விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னிடம் பெயர் கொடுங்கள்.