கொல்கத்தாவில் சைக்கிள் குற்றமான கதை

நகரத்தில் நகர வேண்டியவர்கள் மக்கள், வாகனங்கள் அல்ல என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை வலியுறுத்தியது. இரண்டே ஆண்டுகளில் கொல்கத்தா காவல்துறை 38 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதித்தது. 2013இல் அது 174 சாலைகளுக்கு விரிந்தது. மெதுவாகச் செல்லும் வண்டிகளால் நெரிசல் உண்டாகிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். சாலையோரம் நிற்கும் கார்களும் இடத்தை அடைக்கத்தான் செய்கின்றன. அவற்றுக்கு இத்தகைய தடை வரவில்லை.

தண்டம் கட்டியவர்கள் யார் என்று பார்த்தால் தடையின் இயல்பு விளங்கும். பால்காரர், செய்தித்தாள் போடுபவர், மீன் விற்பவர், பேருந்துக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கும் கூலித் தொழிலாளர். இவர்களுக்குச் சைக்கிள் பொழுதுபோக்கு அன்று, பிழைப்புக்கான கருவி. சாலையிலிருந்து விலக்கப்பட்டவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடைபாதையில் ஏறினால், அங்கே கடைகளுக்கிடையே நெருக்கியடித்து நடப்பவரோடு உரசல். இரு எளியோரின் சச்சரவாகத் தோன்றும் இது, உண்மையில் காருக்கு இடம் ஒதுக்கியதன் விளைவு.

எதிர்ப்புக்குப் பின் தடைப் பட்டியல் 62 சாலைகளாகச் சுருங்கியது. இதில் ஒரு வேடிக்கை: 2015இல் மேற்கு வங்க அரசே ‘சபுஜ் சாத்தி’ திட்டத்தில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. 2020இல் பெருந்தொற்றால் பொதுப் போக்குவரத்து முடங்கியபோது, தடையும் சற்றுத் தளர்ந்தது.